பயணம் தவறியவர்கள்

வெங்காயம் வாங்கப் போனால்கூட அவளால் ஒளிந்துகொள்ள முடியாது. "அரைக் கிலோ போடுங்க" என்று வாயைத் திறந்தால் போதும், கடைக்காரர் தராசை அப்படியே விட்டுவிட்டு நிமிர்ந்துவிடுவார்.

"அம்மா, நீங்க ஒரு மணிச் செய்திதானே?"

"ஆமாங்க. அழுகலைத் தள்ளிட்டு நல்லதா பார்த்துப் போடுங்க."

"அட, அதையும் செய்தி மாதிரியே சொல்றீங்களே!"

முகம் யாருக்கும் தெரியாது. முகத்தால் ஆகவேண்டிய வேலையும் இல்லை. நாட்டின் பொது வானொலியில் பகல் ஒரு மணிச் செய்தியை இருபது வருஷத்துக்கு மேலாக வாசித்துக்கொண்டிருப்பவள் அவள். நிலையத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வாசல் காவலர்கூட "நிதானம் அக்கா வந்தாச்சு, இனிமே மணி ஒண்ணு அடிக்கலாம்" என்பார்.

அந்த நிதானம் பயிற்சியில் வந்ததல்ல. அவளுடைய அப்பா மர அறுவை மில்லில் பலகை சுமந்தவர். ரம்பத்தின் இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. வீட்டில் மற்றவர்கள் அவரிடம் கத்திப் பேசினார்கள். கத்துவது அவமானப்படுத்துவதுபோல இருக்கிறது என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தோன்றியதால், எதிரில் உட்கார்ந்து, உதடு தெரிய, ஒவ்வொரு சொல்லையும் முழுசாக முடித்துப் பேசப் பழகினாள். அந்த வம்சத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். குரல் தேர்வுக்குப் போனபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், "யாரும்மா சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டார்கள். "மில்லுல கிடந்த ரம்பம் சார்" என்றாள். அவர்களுக்குப் புரியவில்லை. வேலை கிடைத்தது.

நிலையத்தின் மாடிப்படிச் சுவரில் வானொலியின் கொள்கையைப் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். உண்மை. எல்லோருக்கும். எவர் பக்கமும் சாயாமல். சுவரில் ஈரம் கசிந்து முதல் எழுத்து உதிர்ந்துபோய் வெறும் 'ண்மை' மட்டும் நின்றது. ஒலிப்பொறியாளர், எந்நேரமும் ஏதாவது ஒரு குமிழைத் திருகிக்கொண்டே இருப்பதால் குமிழண்ணன் என்று பெயர் பெற்றவர், அதைக் காட்டி, "கொள்கையைச் சுவரே தின்னுடுச்சு, சம்பளத்தையாவது விட்டு வைக்குதே" என்பார்.

செய்திப் பிரிவின் தலைவருக்குக் கொள்கை சார் என்று பெயர். எதை எடுத்தாலும் கொள்கையில் கொண்டுபோய் நிறுத்துவார். கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அந்த மனிதர் பொய்க்காரர் அல்ல. மந்திரி வீட்டிலிருந்து தொலைபேசி வந்தாலும் "உறுதி ஆகட்டும் ஐயா, அப்புறம் போடுறோம்" என்று வைத்துவிடுவார். அவர் புதிதாய்ச் சேர்பவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதிகள் அவளுக்குத் தூக்கத்திலும் மனப்பாடம். அரசு அலுவலகம் தரும் அறிவிப்பில் ஓர் எழுத்தையும் மாற்றாதே. தப்பு போய்விட்டால் அடுத்த நாள் அதே நேரத்தில் அதே குரலில் 'திருத்தம்' என்று சொல்லித் திருத்து. கடைசியாக ஒன்று: செய்தி வாசிப்பவருக்கு 'நான்' கிடையாது. "நீ யாருங்கிறது அவங்களுக்கு எதுக்கு? பேசுறது வானொலி. நீ அதோட தொண்டை, அவ்வளவுதான்."

அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான். சிமெண்டு விலையைத் தப்பாகச் சொல்லித் திருத்தம் வாசித்திருக்கிறாள், பந்தய முடிவைத் திருத்தியிருக்கிறாள். 'நான்' என்று மட்டும் ஒரு நாளும் ஒலிவாங்கி முன்னால் வந்ததில்லை.

அவளுக்கே உரிய ஒரே ஒரு பழக்கம் இருந்தது. இறந்தவர்களின் பெயரை வாசிக்கும் முன் ஒரு மூச்சு நிறுத்துவாள். பிறகு குரலை ஒரு படி கீழே இறக்கி, ஒவ்வொரு பெயரையும் தரையில் மெதுவாக வைப்பதுபோலச் சொல்வாள். யாரும் சொல்லிக்கொடுத்ததல்ல. கேட்பவர்களுக்கு அது பழகிப்போயிருந்தது. அந்த மூச்சு விழுந்தால் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்துவார்கள். குமிழண்ணனும் அவள் இறங்கப்போவதை முன்கூட்டியே அறிந்து ஒலியை ஒரு மயிரிழை ஏற்றிவைப்பார்.

படகு கவிழ்ந்தது ஒரு வேலை நாளின் காலையில். முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. இந்தக் கரையிலிருந்து கூலியாட்கள் தினமும் பயணப் படகில் போவார்கள். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தும் படகு அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் நடு நீரில் சாய்ந்தது.

தனியார் அலைவரிசைகள் காலையிலிருந்தே ஆளுக்கொரு எண்ணிக்கையைக் கத்திக்கொண்டிருந்தன. கொள்கை சார் வாயைத் திறக்கவில்லை. "துறைமுக அலுவலகம் எழுதிக் கொடுக்கட்டும். ஊரே நம்ம ஒரு மணிக்காகக் காத்துக்கிட்டு இருக்கு. ஒருத்தன் பேரு தப்பாப் போனாலும் ஒரு வீடு இடிஞ்சுபோகும்."

ஒரு மணிக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. மீட்கப்பட்டவர்களின் பெயர்களை வாசித்தாள். அடுத்து, கரைக்குக் கொண்டுவரப்பட்ட உடல்கள். மூச்சை நிறுத்தினாள், குரலை இறக்கினாள், பெயர் பெயராக வைத்துக்கொண்டே போனாள். அதன் பாதியில் குமிழண்ணன் கதவை ஓசைப்படாமல் திறந்து, நுனிக்காலில் வந்து, ஒரு துண்டுத் தாளை அவள் கைக்கருகில் வைத்துவிட்டுப் போனார். துறைமுக அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்தது, அலுவலக முத்திரையோடு. சரிபார்த்தாகிவிட்டது என்று கொள்கை சாரின் கையெழுத்தும் மூலையில் இருந்தது.

'பயணம் தவறியவர்கள் நால்வர்.' கீழே நான்கு பெயர்கள்.

படகுத் துறைச் சீட்டு அறையில் அது அன்றாடம் புழங்கும் சொல். சீட்டு வாங்கிவிட்டுப் படகு கிளம்பும்போது வந்து சேராதவனை அவர்கள் தவறியவன் என்பார்கள். 'தவறியோர் இடம் மறுபடி விற்கப்படும்' என்று பலகையே மாட்டியிருக்கிறார்கள். அங்கிருந்த எழுத்தர் நல்ல மனசோடுதான் அதை அனுப்பினார். சீட்டுப் பட்டியலில் இந்த நான்கு பேரின் பெயரும் இருக்கிறது, வீட்டில் பதறிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் படகிலேயே ஏறவில்லை என்று வானொலி சொல்லட்டும் என்பது அவர் எண்ணம்.

அவள் குரல் இன்னும் கீழேயே இருந்தது. கண் தாளைத் தொட்டதும் வாய் வாசித்தது. "பயணம் தவறியவர்கள் நால்வர்." ஒரு மூச்சு. பிறகு நான்கு பெயர்களையும் ஒவ்வொன்றாகத் தரையில் வைத்தாள்.

வெளியே வந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அலறியது. துறைமுக எழுத்தர்.

"மேடம்! அந்த நாலு பேரும் உசுரோட இருக்காங்க மேடம்! ஏன் அப்படி வாசிச்சீங்க?"

"எப்படி வாசிச்சேன்?"

"செத்தவங்களை வாசிக்கிற மாதிரி வாசிச்சீங்க. இங்க துறையில ரெண்டு பொம்பளைங்க மண்ணுல விழுந்து புரளுறாங்க. உசுரோட இருக்கிறவனே பக்கத்துல நின்னு 'நான் இருக்கேன்டி'ன்னு கத்துறான்."

தொலைபேசியைப் போட்டுவிட்டுக் கொள்கை சாரின் அறைக்கு ஓடினாள். நிதானம் ஓடியதை நிலையத்தில் அன்றுதான் பார்த்தார்கள்.

"சார், பாட்டை நிறுத்திட்டு இப்பவே சொல்லணும். நாலு பேரும் சாகலைன்னு சொல்லணும்."

அவர் பதிவைப் போட்டுக் கேட்டார். தாளைப் பார்த்தார். மறுபடியும் கேட்டார்.

"தாள்ல என்ன இருக்கோ அதைத்தானே வாசிச்சிருக்க. ஓர் எழுத்து மாறலையே."

"நான் தாளைச் சொல்லலை சார். என்னைச் சொல்றேன். 'தவறியவர்கள்'னு சொல்லிட்டு நான் மூச்சு நிறுத்தியிருக்கேன். அந்த மூச்சு என்னன்னு நாட்டுக்கே தெரியும்."

"மூச்சுக்கெல்லாம் திருத்தம் போட முடியுமாம்மா? சாயங்காலச் செய்தியில நாலு பேரும் நலம்னு சொல்லச் சொல்றேன். போ, போய் உட்காரு."

மாலைச் செய்தியின் வாலில் வேறொரு குரல் அதைச் சொன்னது. வானிலைக்கு முன்னால், வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல்.

மறுநாள் காலையில் அவள் வந்தபோது வரவேற்பறை நாற்காலியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். முப்பது வயது இருக்கும். விரல் இடுக்குகளில் சிமெண்டு காய்ந்திருந்தது. அழுதவன் முகம்.

"யாரைப் பார்க்கணும் தம்பி?"

குரலைக் கேட்டதும் தேள் கொட்டியதுபோல எழுந்து நின்றான். "உங்களைத்தான்."

அவன் ஒரு கொத்தனார். அவள் வாசித்த நான்கில் மூன்றாவது பெயர். தேநீர்க் கடையில், சுவர் நேர் பார்க்கும் தூக்குக்குண்டை மறந்து வைத்துவிட்டான். எடுக்கத் திரும்பிப் போனதில் படகு போய்விட்டது. போன படகு கண்ணெதிரே சாய்ந்தது. நீரில் குதித்து ஆட்களை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததில் அவன் தொலைபேசி நனைந்து செத்தது. இருட்டும் நேரத்தில் வீட்டுக்குப் போனான். வாசலில் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

"எனக்காகத்தான் உட்கார்ந்திருக்காங்கன்னு நினைச்சேன். 'ஏய், நான் இருக்கேன், எழுந்திரிங்க'ன்னு சிரிச்சுக்கிட்டே போனேன். யாரும் எழுந்திரிக்கலை. உள்ள அப்பாவைக் கிடத்தியிருந்தாங்க."

அவள் அவனையும் உட்காரவைத்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கிடங்குக் காவலாளியா இருந்தாரு. ராத்திரிக்கு ரேடியோதான் அவருக்குத் துணை. வேற எதையும் நம்ப மாட்டாரு. பக்கத்து வீட்டுப் பையன் காலையிலேயே வந்து சொல்லியிருக்கான், 'உங்க மகனைத் துறையில பார்த்தவங்க இருக்காங்க, போன்ல படம்கூட வந்திருக்கு'ன்னு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'போடா, போன்ல எதை வேணா காட்டுவான். ஒரு மணிக்கு அந்தம்மா சொல்லட்டும்'னு சொன்னாராம். நீங்க சொன்னீங்க. அவரு எழுந்திரிக்கவே இல்லை."

அந்த நேரம் கொள்கை சாரும் வந்துவிட்டார். அவனை அறைக்குள் அழைத்து உட்காரவைத்தார். தண்ணீர் கொடுத்தார். தன் கையாலேயே கொடுத்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எங்களால என்ன செய்ய முடியுமோ சொல்லுப்பா."

"காசு கீசு எதுவும் வேணாம் சார். அதே ஒரு மணிக்கு, இந்தம்மா குரல்லயே, நான் உசுரோட இருக்கேன்னு வரணும். நேத்து சொன்னது தப்புன்னு வரணும். சாயங்காலம் யாரோ முணுமுணுத்தாங்களாமே, அது வேணாம். வேலையிடத்துல மேஸ்திரி காலையிலேயே என் இடத்துக்கு ஆள் போட்டுட்டாரு. நேர்ல போய் நின்னா, 'ரேடியோவே சொல்லிடுச்சேப்பா'ன்னு என்கிட்டயே சொல்றாரு. என்ன பண்றது, இறப்புச் சான்றிதழ் வாங்கிட்டு வேலைக்குப் போகவா?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவனுக்கே வரவில்லை.

அவன் போனபின் கொள்கை சார் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு ஒரு மணிக்கு நீயே வாசி. 'நால்வரும் பாதுகாப்பாக உள்ளனர் எனத் துறைமுக அலுவலகம் தெரிவித்துள்ளது.' தொடர்செய்தியா."

"திருத்தமா சார்?"

"தொடர்செய்தின்னு சொன்னேன்."

"அந்தத் தம்பி திருத்தம் கேட்டாரு. நம்ம விதியும் அதான்."

"விதி எனக்கு நீ சொல்லாத. எழுத்துல பிழை இருந்தா திருத்தம். எழுத்துல பிழை இல்லை. குரல்ல பிழைன்னு ஒரு தடவை ஒத்துக்கிட்டோம்னு வை, நாளைக்கு எவனெவன் கிளம்பி வருவான் தெரியுமா? 'என் பேரைச் சொல்லும்போது அந்தம்மா இழுத்தாங்க, எதிர்க்கட்சிக்காரன் பேரைச் சொல்லும்போது இனிச்சாங்க'ன்னு மந்திரி ஆள் அனுப்புவான். இத்தனை வருஷமா அவனுங்களை வாசல்ல நிறுத்தி வச்சிருக்கேன். இந்தக் கதவை நீ திறந்துவிட்டா சாத்த முடியாது." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அதோட, திருத்தம்னு சொன்னா அந்தப் பெரியவர் உசுருக்கும் நாமதான் பொறுப்புன்னு ஆயிடும்."

"நாமதானே சார்?"

அவர் மேசை மேலிருந்த தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை என்பதுதான் அவளைத் தின்றது. தன் பக்கம் மட்டும் நியாயம் இருந்திருந்தால் கத்திவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். இத்தனை வருஷமாக ஒரு சொல்லைக் கூட்டாமல் குறைக்காமல் வாசித்தவள். அதனால்தான் அந்தக் காவலாளி பக்கத்து வீட்டுப் பையனை நம்பாமல் இவளை நம்பினார். இன்று தன் இஷ்டத்துக்கு ஒரு சொல் சேர்த்தால், நாளைக்கு வேறொருத்தி தன் இஷ்டத்துக்கு வேறொரு சொல் சேர்ப்பாள். சேர்க்காவிட்டாலோ, அந்தக் கொத்தனார் ஊர் வாயில் பாதிப் பிணமாகவே நடமாட வேண்டும். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது. நாட்டுச் செய்திகளை வாசித்தாள். தாளில் அடுத்த வரி, 'நால்வரும் பாதுகாப்பாக'. அவள் தாளை மடியில் கவிழ்த்துவைத்தாள்.

"திருத்தம்" என்றாள். "படகில் ஏறாத நான்கு பேரின் பெயர்களை நேற்று இதே நேரத்தில் நான் வாசித்தேன். அவர்கள் இறந்துவிட்டதாகக் கேட்பவர்கள் நினைக்கும்படி நான் வாசித்தேன். அது தவறு. நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள்." பெயர்களைச் சொன்னாள், மூச்சு நிறுத்தாமல், குரலை இறக்காமல், வீட்டுக்கு வந்தவர்களை வாசலில் நின்று கூப்பிடுவதுபோல. "என் தவறால் ஒரு தந்தை இறந்துபோனார்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குமிழண்ணனின் கை ஒலியை அறுக்கும் விசைமேலேயே இருந்தது. அவர் அறுக்கவில்லை.

வானிலை வாசித்து முடித்து வெளியே வந்தபோது கொள்கை சார் நடையில் நின்றிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம்.

"'நான்'னு யாரும்மா சொல்லச் சொன்னது?"

"வேற யாரைச் சொல்றது சார்?"

"செய்தியிலேர்ந்து உன்னை நான் எடுக்கலைன்னா என்னை எடுத்துடுவாங்க. எனக்கு அடுத்து வர்றவன் அந்த வாசலைத் திறந்து வைப்பான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடியவே இல்லை.

மறுநாளிலிருந்து அவளைக் கீழ்த்தளத்தில் பழைய ஒலிநாடாக்கள் அடுக்கிய அறைக்கு மாற்றினார்கள். உறையைத் தட்டித் தூசி துடைத்து, மேலே எழுதியிருப்பதும் உள்ளே பதிந்திருப்பதும் ஒன்றுதானா என்று பார்க்கும் வேலை. பேச வேண்டியதில்லை.

அந்த வார இறுதியில் பேருந்துப் பணிமனையில் வெல்டராக இருக்கும் கணவனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு கொத்தனாரின் வீட்டுக்குப் போனாள். "எதுக்கு இப்ப? புண்ணுல போய்க் கோல் வைக்கிற" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான் அவன். ஆனாலும் வந்தான்.

கொத்தனார் வாசலிலேயே நின்றான். உள்ளே கூப்பிடவில்லை.

"கேட்டேன் அக்கா. தெருவே கேட்டுச்சு. மேஸ்திரியும் கேட்டாராம், திங்கட்கிழமை வரச் சொல்லிட்டாரு." மண்ணைக் காலால் கீறினான். "அப்பா இருந்து கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாரு தெரியுமா? 'பார்த்தியாடா, தப்பைத் தப்புன்னு சொல்லுது பாரு'ன்னு உங்களை இன்னும் கொஞ்சம் நம்பியிருப்பாரு."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "தம்பி, நான்..." என்றதுமே உள்ளே ஒரு பெண் ஓவென்று அழத் தொடங்கினாள். கொத்தனாரின் தங்கை. அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து செய்தி கேட்டவள்.

"பேசாதீங்க அக்கா" என்றான் அவன், கையைக் கூப்பாத குறையாக. "கோபமில்லை. உங்க குரல் கேட்டா அவளுக்குத் தாங்காது. போயிட்டு வாங்க... இல்லை, வர வேணாம்."

கணவன் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினான். தெருமுனை வரை இருவரும் பேசவில்லை. அதற்குப் பிறகும் அவள் பேசவில்லை.

ஊரிலும் சங்கதி மாறிப்போயிருந்தது. வெங்காயக் கடையில் இப்போது தனியார் அலைவரிசை அலறியது. அவள் விரலால் காட்டித்தான் வாங்கினாள். கடைக்காரர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: "சொன்னது தப்புன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. அப்புறம் எதைக் கேட்டா என்ன?"

நிலையத்தில் விசாரணை என்று ஒன்று நடந்தது. முடிவில் எல்லா வாசிப்பாளர்களுக்கும் ஓர் உத்தரவு வந்தது. இனிமேல் செய்திகளை எவ்வித ஏற்ற இறக்கமும் நிறுத்தமும் இன்றி ஒரே சீராக வாசிக்க வேண்டும். காய்கறி விலையானாலும் சரி, விபத்தானாலும் சரி. கொள்கை சார் கையெழுத்துப் போட்டிருந்தார். குரலில் பிழை வராமல் இருக்க வேண்டுமென்றால் குரலே இல்லாமல் இருப்பதுதான் வழி என்று முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஒரு விடுமுறை நாள் பகலில் வீட்டில் அவளும் கணவனும் பள்ளிக்கூடம் போகும் மகளும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மணி ஆனதும் கணவன் எழுந்து வானொலியை அணைக்கப் போனான். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

புதுக் குரல். இளம்பெண், சுத்தமான உச்சரிப்பு. எங்கோ மலைப்பாதையில் பேருந்து ஒன்று உருண்டுவிட்டதாம். உத்தரவில் சொன்னபடியே வாசித்தாள். எண்ணிக்கை, இடம், மருத்துவமனை, பெயர், பெயர், பெயர், அடுத்து அணையின் நீர்மட்டம், எல்லாம் ஒரே கயிற்றில் கோத்த மணிபோல ஓடியது.

மகள் சோற்றில் வைத்த கையோடு நிமிர்ந்தாள். "அம்மா, இப்ப பேரு சொன்னாங்களே, அவங்க செத்துப்போனவங்களா, பொழைச்சவங்களா?"

அவள் வானொலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்டாள். அவளுக்கும் தெரியவில்லை.